சத்தம் போடாத ஷூ

கண்டக்டர் இன்னொரு தடவை விழக் கூடாது. இந்த வீட்டில் இப்போதைக்கு வேறு எந்தப் பிரச்சினைக்கும் இடமில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மருமகளின் மாமனாரைத் தெரு முழுக்கக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். முப்பத்துநான்கு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவர், ஓடாத வீட்டுத் தரையில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். முதல் தடவை வாசல் படியில். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. இரண்டாவது தடவை குளியலறை வாசலில். புருவத்தில் ஆறு தையல். "அடுத்தது இடுப்பு எலும்புதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வெளியூரில் இருக்கும் நாத்தனார் சும்மா இருப்பாளா? தன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்துவிட்டாள். ஒரே ஒரு கட்டில் காலி. அப்பாவுக்கு மட்டும். அம்மாவுக்கு அப்புறம் பார்க்கலாமாம். ஐம்பத்தோரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சண்டை போட்டு, ஒன்றாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற இரண்டு பேரைப் பிரிப்பதற்கு அவளுக்கு ஒரு போன் போதுமானதாக இருந்தது.

மருமகள்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து பாருங்க அண்ணி. மாமா உங்க முன்னாடி கம்பீரமா நடந்து காட்டுவார்" என்று கெடு வாங்கினாள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, மாமாவை உங்ககிட்டேயிருந்து யாரும் கூட்டிட்டுப் போக விடமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்தாள். வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவள் வேலை செய்வது ஷூ கடையில். பன்னிரண்டு வருடமாக ஊராரின் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து அளவெடுப்பவள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு நாத்தனார் வருகிறாள்.

காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டியின் மணி கேட்டதும் மருமகள் ஓடினாள். கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கண்டக்டரின் செருப்பு. பின்பக்கம் பட்டை கிடையாது, குதிகால் தேய்ந்து காகிதமாகியிருந்தது, காலை விட ஒரு சைஸ் பெரிது. அவர் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் டப்பு டப்பு என்று வீடு முழுக்கக் கேட்கும். ஈரத்தில் கால் ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம் போகும்.

"ரெண்டு தடவையும் அவரைக் கவுத்தது நீதான். போய்த் தொலை" என்று வாய்விட்டே திட்டி அதை வண்டிக்குள் வீசினாள். வண்டிக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

உள்ளே வந்தால், கண்டக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலாலேயே கட்டிலுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் செருப்பைக் காணோமே?"

"ஊருக்குப் போயிடுச்சு மாமா."

"எந்த ஊருக்கு?"

"திரும்பி வராத ஊருக்கு."

வழக்கமாக இப்படிச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது ஒன்று வரும். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"குப்பையில போட்டுட்டியா?" என்றார் மாமியார்.

"என் கையாலேயே போட்டேன் அத்தை."

"வீட்டுக்குள்ள மட்டும் அது இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"நல்லா இருக்கே! ரெண்டு தடவையும் வீட்டுலதானே விழுந்தார்? ரோட்டுல எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் நடப்பாங்க. வீடுதான் ஆளைக் கவுக்கும். அந்தச் செருப்பு மேல உங்களுக்கு என்ன அத்தை இவ்வளவு பாசம்?"

மாமியார் மடித்த துணியையே எடுத்துத் திரும்ப மடித்தார். பழைய சாமானை விட மனசு வராத சிக்கனம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அத்தை என்று ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். ஒன்பதரை மணிக்குக் கடை திறக்க வேண்டுமே!

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அட்டைப் பெட்டியைத் திறந்தாள். கண்டக்டரின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். மருமகள் காலைத் தொடுவது அவருக்கு இன்னமும் கூச்சம்தான். "இருக்கட்டும்மா, நானே..." என்று காலை இழுத்தார்.

"சும்மா இருங்க மாமா. கடையில தெரியாதவங்க காலையே பிடிக்கிறேன்."

நேற்றுச் சாயங்காலமே அளவெடுத்தாகிவிட்டது. நாள் முழுக்கப் புழங்கிய கால் சாயங்காலம்தான் தன் உண்மையான அகலத்தைக் காட்டும். அதுவும் நிற்கவைத்து, இரண்டு காலையும் எடுக்க வேண்டும். நாற்பது வருடமாக "எனக்கு ஏழாம் நம்பர்" என்று மார்தட்டியவருக்கு, வலது கால் எட்டு, இடது எட்டரை. "எனக்குத் தெரியாம என் கால் ஏன்மா வளருது?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். வயதானால் பாதம் படர்ந்துதான் போகும் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. அளவெடுக்கும் பலகையில்தான் கோளாறு என்றார்.

எட்டரையில் நாலு மாடல் கொண்டுவந்து, மூன்றைத் தானே கழித்து, இதை எடுத்திருந்தாள். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம். பின்னால் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் கெட்டியான சுவர். மேலே இரண்டு ஒட்டுப் பட்டை, குனிந்து முடிச்சுப் போடும் வேலை இல்லை. மெல்லிய, உறுதியான அடிப்பாகம். ஈரத் தரையிலும் பிடிக்கும் ரப்பர்.

"கொஞ்சம் மெத்துனு வாங்கியிருக்கலாமேம்மா" என்றார் கண்டக்டர், அழுத்திப் பார்த்து.

"மெத்தை மேல உங்களை நிக்கச் சொன்னா ஆடாம நிப்பீங்களா? தரை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியணும் மாமா."

"தெரியணும், தெரியணும்" என்று மாமியார் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார்.

மருமகள் பட்டைகளை ஒட்டிவிட்டு எழுந்தாள். "ம், கிளம்புங்க. ரைட்!"

கண்டக்டர் எழுந்தார். பழக்கதோஷத்தில் கை சுவரைத் தேடியது. பிறகு விட்டுவிட்டது. ஒரு அடி. இரண்டு அடி. கட்டிலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து கதவுக்கு. மூன்று வாரமாகச் சுவரைத் தடவித் தடவி நடந்த மனிதர், கையை வீசி நடந்தார்.

"அட! இது தரையை அப்படியே பிடிச்சுக்குதே! இது மட்டும் அந்தக் காலத்துல இருந்திருந்தா, டிரைவர் எப்படி பிரேக் போட்டாலும் நான் அசைஞ்சிருக்க மாட்டேன்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரமாகப் பெட்டியை மூடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"ஏங்க, நடக்கிறீங்களா? நிக்கிறீங்களா?" என்று கேட்டார் மாமியார்.

"நடந்துட்டுதான் இருக்கேன்."

"சத்தமே இல்லையே."

"அதுதான் அத்தை நல்ல ஷூவுக்கு அடையாளம்!" என்றாள் மருமகள், பெருமை தாங்காமல். "காலோட ஒட்டிக்கிட்டு வந்தா சத்தம் எப்படி வரும்?"

அந்த வீட்டில் படுக்கையறையை விட ஹால் ஒரு படி இறக்கம். கட்டியவர் என்ன நினைத்துக் கட்டினாரோ தெரியாது. கண்டக்டர் அந்தப் படியருகே போய் நின்று, வலது காலால் இரண்டு தடவை தரையைத் தட்டினார். ஷூவின் பிடிப்பைச் சோதிக்கிறார் என்று மருமகள் நினைத்தாள். அவர் திரும்பி மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தப் பழசு... வண்டி தெருமுனையை விட்டுப் போயிருக்குமா?" என்றார் தயங்கித் தயங்கி.

"விடுங்க" என்றார் மாமியார் சட்டென்று. "அவ நமக்காகத்தானே இவ்வளவு பாடுபடறா. போட்டுக்குங்க."

அதோடு பேச்சு முடிந்தது.

மருமகள் டிபன் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு வந்து விடைபெற்றாள். "நாளைக்கு அண்ணி முன்னாடி இப்படியே நடங்க மாமா. எந்தக் கட்டிலும் வேண்டாம்னு அவங்க வாயாலேயே சொல்ல வைக்கறேனா இல்லையா பாருங்க. வரேன் அத்தை!"

"போயிட்டு வாம்மா" என்றார் மாமியார், கதவைப் பார்த்து. மருமகள் அப்போது கதவருகே இல்லை, அலமாரிப் பக்கம் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதை அவள் கவனிக்கவே இல்லை.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். மருமகளுக்குக் கடையில் இன்னொரு பெயர் உண்டு, பாத ஜோசியக்காரி. தேய்ந்த செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தே, "உங்களுக்கு இடது முட்டி வலிக்குமே?" என்று கேட்டு ஆளை அசத்துவாள். அதனால் வயதானவர்கள் வந்தாலே மற்றவர்கள் அவளைக் கைகாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள்.

பதினொன்றரைக்கு ஒரு மூதாட்டியும் மகளும் வந்தார்கள். மகளின் கையில் ஏற்கெனவே ஒரு ஜோடி. வெள்ளைப் பூனை மாதிரி புசுபுசுவென்று ரோமம், பின்பக்கம் திறந்தது, மேலே ஒரு பூ.

"எங்கம்மாவுக்கு வீட்டுல போட இது போதும். பாருங்க, எவ்வளவு மெத்துனு இருக்கு!"

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவும் நேரம் ஒதுக்கி வெச்சுக்குங்க" என்றாள் மருமகள்.

மகளின் முகம் சுருங்கியது. மூதாட்டி களுக்கென்று சிரித்துவிட்டார்.

மருமகள் விடவில்லை. புசுபுசுவை ஒரு கையிலும், கெட்டியான ஒன்றை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டாள். இரண்டின் பின்பக்கத்தையும் விரலால் அமுக்கிக் காட்டினாள், ஒன்று மடங்கியது, ஒன்று மடங்கவில்லை. இரண்டையும் வளைத்துக் காட்டினாள். "நல்லது விரல் கிட்ட மட்டும்தான் வளையணும். நடுவுல வளைஞ்சா தூக்கிப் போடுங்க." கடைசியாக, மேஜைக்கடியில் வைத்திருக்கும் தரை டைல் ஒன்றை எடுத்து, தண்ணீர் தெளித்து, இரண்டையும் அழுத்தித் தள்ளினாள். புசுபுசு சறுக்கிக்கொண்டு மேஜையை விட்டே விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூதாட்டி புது ஷூவோடு கடையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தார். மகள் சமாதானமாகிவிட்டாள்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க மாமனார் ரெண்டு தடவை விழுந்தார். அப்புறம்தான் எனக்கே புத்தி வந்துச்சு. இன்னைக்குக் காலையில அவருக்கும் ஒண்ணு மாட்டிட்டுதான் வரேன். இனிமே அவர் விழமாட்டார்!"

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. வீட்டு நம்பர்.

"அம்மா, கொஞ்சம் வீட்டுக்கு வர்றியா?" கண்டக்டரின் குரல்.

"மாமா! விழுந்துட்டீங்களா?"



"நான் விழலம்மா" என்றார் கண்டக்டர்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. படுக்கையறைப் படிக்குக் கீழே, ஹால் தரையில், மாமியார் மல்லாந்து கிடந்தார். கண்டக்டர் ஒரு தலையணையைத் தலைக்கடியில் வைத்திருந்தார். போர்வையும் போர்த்தியிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த வலது பாதம், இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கோணம் என்னவென்று மருமகளுக்குத் தெரியும். கடையில் அதைப் பற்றி எத்தனை பேரைப் பயமுறுத்தியிருக்கிறாள்!

"அசைக்காதீங்க. யாரும் அசைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கணவன் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறானோ! அவனுக்கும் போட்டாள். பிறகு மண்டியிட்டு மாமியாரின் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"யாரு?"

"நான்தான் அத்தை."

"வந்துட்டியா? உங்க மாமா எங்க விழுந்துட்டார்? பார்த்தியா? ரத்தம் வருதா?"

"மாமா விழல அத்தை. இதோ, உங்க பக்கத்துலயே நிக்கிறார்."

"இல்லம்மா. எல்லாரும் எனக்குப் பொய் சொல்றீங்க. கண்ணு அசந்து எழுந்தேன், சத்தமே இல்ல. கூப்பிட்டேன், பதில் இல்ல. எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமா? விழுந்து கிடக்கிறார்னுதான் ஓடினேன்..."

"நான் வாசல் கேட் வரைக்கும் போனேன்" என்றார் கண்டக்டர் மருமகளிடம், தப்பு செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி. "மாடிவீட்டுத் தையல்காரர் ஷூவைப் பார்த்துட்டு நடந்து காட்டச் சொன்னார். காட்டினேன். பத்து நிமிஷம்தான். அவ தூங்கிட்டுதானே இருக்கான்னு போனேன்."

அவர் ஒரு ஆட்டம் இல்லாமல், சுவரைப் பிடிக்காமல், நேராக நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டுக்குக் கீழே முறிவு என்றார்கள். டாக்டர் இளவயதுப் பெண். திங்கள்கிழமை அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் இந்த வயசில் எழுந்து நடப்பது பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, வழக்கமான பரிசோதனை போலக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். திரும்ப அடித்துப் பார்த்தார். பிறகு மூடிய கையை மாமியார் முன்னால் நீட்டினார்.

"அம்மா, எத்தனை விரல் காட்டறேன்?"

மாமியார் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ரெண்டு."

மருமகள் டாக்டரின் மூடிய கையைப் பார்த்தாள். வேலை உடுப்போடு ஓடிவந்து, உள்ளங்கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் நின்ற கணவனும் பார்த்தான்.

"எவ்வளவு நாளா உங்கம்மாவுக்குப் பார்வை இல்ல?" என்று கேட்டார் டாக்டர்.

"பார்வை இருக்கு டாக்டர். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள தனியா நடக்கிறாங்களே, எல்லா வேலையும் செய்யறாங்களே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

அவளுக்கு என்ன தெரியும்! ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்துகொண்டு எதுவும் தெரியாது.

வராந்தா பெஞ்சில்தான் கண்டக்டர் வாயைத் திறந்தார். மகனைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு வருஷம் ஆகுது. வெளிச்சமா இருட்டான்னு தெரியும். அவ்வளவுதான். சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணு தெரியாதவளை யார் வெச்சுப் பார்ப்பாங்க, எங்கேயாவது அனுப்பிடுவாங்கன்னு பயம் அவளுக்கு."

"அப்பா, நாங்க அப்படிச் செய்வோமா?" என்றான் மகன்.

நாளைக்கு யார் வருகிறாள், எதற்கு வருகிறாள் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"நான் முன்னாடி நடப்பேன். அவ சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி வருவா. சமையலறைக்கு, குளியலறைக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தான். படி வந்தா ரெண்டு தடவை தட்டுவேன், ஸ்டாப்பிங் வந்தா விசில் கொடுக்கிற மாதிரி. உக்காந்திருக்கும்போதும் காலை ஆட்டிக்கிட்டே இருப்பேன், நான் இங்கதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணுமே. அதுக்காகத்தான்மா பெரிய சைஸா வாங்கினேன். சின்னதுல சத்தம் வராது."

மருமகள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக அந்த டப்பு டப்பு அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. "மாமா, காலைத் தூக்கி நடங்களேன், தலைவலிக்குது" என்று ஒரு நாள் எரிந்துகூட விழுந்திருக்கிறாள்.

"காலையில சொல்லியிருக்கலாமே மாமா!" என்றாள் அவள். "ஒரு வார்த்தை! அந்த ஷூவுல ஒரு சின்ன மணியைத் தைச்சுக் கொடுத்திருப்பேனே. அஞ்சு நிமிஷ வேலை மாமா எனக்கு!"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அவ விடுன்னுட்டா. விழுந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. சொன்னா அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாங்க என்னதான்மா செய்யறது?"

அவள் அழுதாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நீ என்ன பண்ணுவ, பாவம். ஷூ நல்ல ஷூதான்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் மாமியாரை வார்டுக்கு மாற்றினார்கள். வலி மருந்தின் மயக்கத்தில் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருந்தது. "எங்க அவர்? எங்க விழுந்தார்?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் கட்டிலருகே போய் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முப்பத்துநான்கு வருடம் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை கேட்ட குரல், தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. அவர் வலது காலைத் தூக்கித் தரையில் தட்டினார். இரண்டு தடவை.

சத்தம் வரவில்லை.

இன்னும் ஓங்கித் தட்டினார். அந்த ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டதே தவிர, ஒரு சின்ன ஓசைகூட எழுப்பவில்லை. நாலு மாடலில் மூன்றைக் கழித்து, தடவித் தடவிப் பார்த்து மருமகள் தேர்ந்தெடுத்த ரப்பர். மாமியாரின் முகம் காலியான பக்கத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

மருமகள் போய் அவர் காலடியில் மண்டியிட்டாள். பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலைதான். ஒட்டுப் பட்டையைப் பிரித்தாள். ஒரு கால். இன்னொரு கால். ஷூவைக் கழற்றினாள், காலுறையையும் உருவினாள். வெறுங்காலோடு ஆஸ்பத்திரித் தரையில் வயதானவர் நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் விழாமல் இருக்க அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் வெறுங்காலால் தரையில் அறைந்தார். பொத், பொத்.

மாமியாரின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. முகத்தில் அவ்வளவு நேரம் இருந்த பதற்றம் இறங்கியது.

"வந்துட்டீங்களா?" என்றார். "விழலையே?"

அவர் திரும்பவும் தரையில் அறைந்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் கணவனின் போன் அடித்தது. அவன் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அக்காவாகத்தான் இருக்கும். கதவு சரியாகச் சாத்தவில்லை. மாமனாரைப் பிடித்த பிடியை விடாமல் மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டில் போதாதுக்கா. இப்போ ரெண்டு வேணும்" என்றான் அவன். பிறகு அக்கா சொல்வதைக் கேட்டான்.

"ஒரே இடத்துல இல்லையா?... படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குத் தனி இடமா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "சரி... ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

உள்ளே கண்டக்டர் காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.